ஆத்தங்குடித் தளத்தில் வஜ்ராசனம்: ஜமுக்காளம், மணை, திண்டு, பட்டை, எதை வாங்கலாம்?

மண்டியிட்டும் சம்மணமிட்டும் செய்யும் ஆசனங்களுக்கென்று காரைக்குடியில் பொருள் வாங்கக் கிளம்புபவர்கள் தடித்த யோகா மேட்டில் பணத்தைப் போட வேண்டியதில்லை. கனத்த பருத்தி ஜமுக்காளம் ஒன்று, இறுக அடைத்த இலவம்பஞ்சுத் திண்டு ஒன்று, ஆட்டம் காணாத மரமணை ஒன்று. வஜ்ராசனம், வீராசனம், சுகாசனம், பத்மாசனம் எல்லாவற்றையும் இந்த மூன்றை வைத்தே பழகிவிடலாம். மெல்லிய, வழுக்காத மேட் நான்காவதாக வந்தால் போதும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் நம் வீட்டுத் தரை. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துகிறார்கள். கண்ணாடியில் படிந்த முகம் என்பதால்தான் அந்த வழவழப்பு. பல வீடுகளில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து மினுக்கத்தைக் காப்பாற்றுவதும் உண்டு. நடக்கச் சுகமான இந்தத் தளத்தில் மண்டியிட்டால் கடினம், குளிர்ச்சி, வழுக்கல் மூன்றும் ஒன்றாக வருகின்றன. முழங்கால் சில்லும் கணுக்காலின் முன்பக்க எலும்பும் நேராகக் கல்லில் மோதும்.

உட்காரும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பகவத் கீதையிலேயே அளவு இருக்கிறது. 6ஆம் அத்தியாயம், 11ஆம் சுலோகம்: சுத்தமான இடம், ஆடாத இருக்கை, மிக உயரமும் கூடாது, மிகத் தாழ்வும் கூடாது. தர்ப்பை, மான்தோல், துணி என்று அடுக்கும் சொல்கிறது. அடியில் குளிரையும் ஈரத்தையும் தடுக்க ஒன்று, நடுவில் மெத்தென்று ஒன்று, மேலே உடம்பில் படும் ஒன்று. செட்டிநாட்டு வீட்டில் அந்த அடுக்குக்கு நிகர் கோரைப்பாய், ஜமுக்காளம், வெளுத்த வேட்டி. ஒற்றை மேட் இந்த மூன்று வேலையையும் அரைகுறையாகத்தான் செய்கிறது.

மேட்

கடைகளில் அதிகம் கிடைப்பது 61 செ.மீ. அகலம், 173 செ.மீ. நீளம், 4 அல்லது 6 மி.மீ. தடிமன் உள்ள பி.வி.சி. மேட். நின்று செய்வதற்கும் படுத்துச் செய்வதற்கும் இது சரி. சம்மணமிட்டால் பெரியவர்கள் பலருக்கு இரு முழங்கால்களும் விளிம்பைத் தாண்டிக் கல்லில் இறங்கிவிடும். மேட்டைக் குறுக்குவாட்டில் விரித்து உட்காருவதுதான் வழி. 10 மி.மீ.க்கு மேல் மெத்தென்று இருக்கும் என்.பி.ஆர். எனும் செயற்கை ரப்பர் நுரை மேட்டைக் கையால் அழுத்திப் பார்க்கும்போது பிடித்துப்போகும். மண்டியிட்டால் முழங்காலுக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் கணுக்கால் அதில் புதைந்து ஒரு பக்கமாகச் சாயும், நின்றால் பாதம் ஆடும். 4 மி.மீ. மேட்டையே வாங்கி, மண்டியிடும் இடத்தில் மட்டும் ஜமுக்காளத்தை மடித்துப் போடுவது மேல்.

எண்ணெய் துடைத்த தளத்தில் எந்த மேட்டும் பிடிக்காது. விரிக்கிற இடத்தை மட்டும் மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து உலரவிட வேண்டும். ஆசிட் கலந்த தரைக்கழுவியோ எலுமிச்சையோ வேண்டாம், சிமெண்ட் முகம் அரித்துப்போகும். பயிற்சி முடிந்ததும் மேட்டைச் சுருட்டி வைத்துவிடுங்கள். விரித்தபடியே கிடந்தால் அடியில் வியர்வையும் ஈரமும் தங்கிக் கல்லில் திட்டு விழும். ரப்பர் மேட்டை முற்றத்து வெயிலில் காயப்போட்டால் வெடிப்பு விடும். வளவின் தாழ்வார நிழலே போதும்.

ஜமுக்காளம், வஜ்ராசனத்துக்கு

இந்த வரிசையில் கொடுத்த காசுக்கு அதிகம் உழைப்பது ஜமுக்காளம்தான். பவானி ஜமுக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அதே கோடுகளோடு செயற்கை நூலில் நெய்தவையும் அதே பெயரில் விற்கின்றன. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உட்கார்ந்தால் சூடேறும், வழுக்கும். சோதிக்க எளிய வழி: ஓரத்து நூல் ஒன்றைப் பிரித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும், செயற்கை நூல் உருகிக் கெட்டி மணியாகத் திரளும். புதுப் பருத்தி ஜமுக்காளம் முதல் சலவையில் சுருங்கும், சாயமும் விடும். தனியாக நனைத்து அலசி உலர்த்திய பிறகே வெளுத்த வேட்டியை அதன்மேல் போடுங்கள்.

வஜ்ராசனத்துக்கு அதை நான்காக மடித்து, முழங்கால் முதல் கால்விரல் வரை முழுவதும் அதன்மேல் வரும்படி விரிக்க வேண்டும். முழங்காலுக்கு மட்டும் போட்டுவிட்டுப் பாதத்தைக் கல்லில் விட்டால் கணுக்கால் தாழ்ந்து, முன்பக்கத் தசைநார் கூடுதலாக இழுபடும். இரு முழங்கால்களும் சேர்ந்தோ ஒரு கை அகலம் விலகியோ இருக்கலாம். கால் பெருவிரல்கள் ஒன்றையொன்று தொட, குதிகால்கள் சற்று விரிய, அந்தக் குழியில் உட்கார வேண்டும். உள்ளங்கால் மேல்நோக்கி இருக்கட்டும். விரல்களை மடக்கி ஊன்றி உட்காருவது வேறு நிலை, பாதத்துக்கு அதில் வேறு வகையான இழுப்பு.

எங்கே வலிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். பாதத்தின் மேற்புறமும் கணுக்கால் முன்பக்கமும் வலித்தால், சுருட்டிய துண்டு ஒன்றைக் கணுக்கால் வளைவின் அடியில் கொடுங்கள். அங்கே எலும்பு கல்லில் படாமல் தொங்க வேண்டும். முழங்கால் மடிப்பின் பின்பக்கம் இறுக்கினால், தொடைக்கும் கெண்டைக்கும் நடுவில், மடிப்பை ஒட்டி, ஒரு போர்வை மடிப்பு. பிட்டம் குதிகாலைத் தொடவே இல்லை என்றால் சிறிய திண்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவில் நீளவாக்கில் வைத்து, அதன்மேல் குதிரையேறுவதுபோல் உட்காருங்கள். முழங்காலுக்குள் குத்தும் வலி வந்தால் எந்த மடிப்பும் உதவாது, எழுந்துவிட வேண்டும்.

மரத்துப்போவதை அலட்சியம் செய்யக் கூடாது. முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, சிறிய எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. நீண்ட நேரம் மண்டியிட்டால் அது நசுங்கும். பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கும் நிலைகூட வரலாம். வஜ்ராசனத்தில் வெகுநேரம் இருந்த ஒருவருக்கு அப்படி ஆனதை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 1971இல் பதிவு செய்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் 1 நிமிடம், பழகியபின் 5 நிமிடம் என்று கூட்டினால் போதும். சாப்பிட்ட பின்னும் செய்யலாம் என்று ஆசிரியர்கள் பொதுவாக விடுகிற ஆசனம் இதுதான், வயிறு மடங்குவதில்லை. செட்டிநாட்டு விருந்துக்குப் பிறகும் உட்காரலாம். அதே மூச்சில் பின்னால் வளைய முயல வேண்டாம்.

இந்த ஆசனத்தின் பெயரும் இருப்பும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை என்ற யோக நூலில் வஜ்ராசனம் என்பது சித்தாசனத்துக்கு இன்னொரு பெயர். அதாவது குதிகாலை அடியில் அழுத்திச் சம்மணமிடும் நிலை. அதற்குப் பின் வந்த கேரண்ட சம்ஹிதையில் 32 ஆசனங்கள் வருகின்றன. கால்களை மடித்துப் பாதங்களைப் பிட்டத்தின் இருபக்கமும் வைக்கும் வஜ்ராசனம் அங்கேதான் தெளிவாகக் கிடைக்கிறது. "வஜ்ராசன இருக்கை" என்று சீட்டு ஒட்டி எதையாவது விற்றால், மண்டியிடுவதற்கா சம்மணத்துக்கா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் தேவைப்படும் உயரம் வேறு.

மணை, வீராசனத்துக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பிரித்த வீடுகளின் மரச்சாமான்களோடு பழைய மணைகளும் வரும். பர்மா தேக்கு என்றால் விலை ஏறும். யோகத்துக்கு அந்தப் பெருமை தேவையில்லை, எந்தக் கெட்டி மரமும் சரி. பார்க்க வேண்டியவை வேறு. கடையின் சமதளத்தில் வைத்து நான்கு மூலையையும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஒரு மூலை எழும்பினாலும் வேண்டாம், அந்த ஆட்டம் இடுப்பு வழியாக முதுகில் ஏறும். அடியில் ஊசித்துளைகளும் மாவு மாதிரி மரத்தூளும் தெரிந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. ஆணித்தலை துருத்தி நிற்கிறதா என்று விரலால் தடவுங்கள். பித்தளைப் பூவேலை செய்த மணை சுவரோரம் வைக்கத்தான் அழகு, உட்கார்ந்தால் குத்தும்.

இன்று வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிற வீராசனத்தில் முழங்கால்கள் சேர்ந்தும் பாதங்கள் இடுப்பின் இருபுறமும் இருக்க, நடுவில் பிட்டம் இறங்க வேண்டும். நேராகத் தரையில் இறங்க முடிகிறவர் குறைவு. யோகா கட்டை வழக்கமாக 23 × 15 × 10 செ.மீ. அளவில் வருகிறது. அதைப் படுக்கவைத்தால் 10 செ.மீ. உயரம், தொடக்கத்துக்கு அது பொருத்தம். மணை 5 முதல் 8 செ.மீ. வரை இருக்கும் என்பதால் அதன்மேல் ஜமுக்காள மடிப்பு ஒன்றைச் சேர்த்து உயரத்தைக் கூட்டலாம். ஆனால் மணையின் அகலம் இங்கே தடை. இடுப்பை விட அகலமான மணை பாதங்களை வெளியே தள்ளிவிடும். வாங்கும்போது 20 செ.மீ.க்கு மேல் அகலமில்லாத சிறு மணையாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பெரிய மணையைச் சம்மணத்துக்கு வைத்துக்கொண்டு, இதற்குக் கட்டையே போதும்.

பாதங்கள் நேராகப் பின்னோக்கி இருக்க வேண்டும். வெளிப்பக்கமாக விரிந்தால் முழங்காலின் உட்புறத் தசைநார் முறுக்கப்படும். உட்காரும் முன் இரு கைகளாலும் கெண்டைச் சதையைப் பின்னோக்கியும் வெளியேயும் தள்ளிவிட்டு இறங்குங்கள். அந்தச் சதை மடிப்புக்குள் சிக்கியிருந்தால் மூட்டு பிளந்து நிற்பதுபோல் வலிக்கும். பிட்டத்தின் இரண்டு எலும்பும் ஒரே பாரத்தில் மணையைத் தொட்டால் உயரம் சரி. ஒன்று தொங்கினால் இன்னொரு மடிப்பு சேருங்கள்.

வீராசனம் என்ற பெயரில்தான் வரலாறு அதிகம் கிளைக்கிறது. கும்பிடப் போகிற எந்தச் சிவன் கோயிலிலும் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி இருப்பார். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று நகரத்தார் கோயில்களில் எதிலும் நின்று பார்க்கலாம். ஒரு கால் கீழே முயலகன் மேல் ஊன்றியிருக்க, மற்ற கால் மடங்கித் தொடைமேல் ஏறியிருக்கும். சிற்ப மரபில் வீராசனம் அதுதான். பிரதீபிகை சொல்லும் வீராசனத்தில் ஒரு பாதம் எதிர்த்தொடை மேல், இன்னொன்று எதிர்த்தொடைக்குக் கீழே. கேரண்ட சம்ஹிதையில் ஒரு பாதம் தொடைமேல், மற்றது பின்னோக்கி. இரு பாதங்களும் இடுப்பின் பக்கவாட்டில் போகும் இன்றைய நிலையும் கட்டை வைத்து உட்காரும் முறையும் 20ஆம் நூற்றாண்டில், குறிப்பாக யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் வழியில் உலகெங்கும் பரவியவை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி, சொத்திரம், வீரம், சுகம் என ஏழு ஆசனங்களை முதன்மையாக எண்ணுகிறது. அங்கே "வீரம்" என்று படித்துவிட்டு இன்றைய வீராசனத்துக்கு அதைச் சான்றாகக் காட்டுவது சரியாகாது.

உஷ்ட்ராசனத்துக்கும் இதே கதைதான். யோக சூத்திரத்தின் பழைய உரையில் ஒட்டகம் உட்காருவதுபோல் உட்காரும் ஓர் இருக்கை பட்டியலில் உண்டு. கேரண்ட சம்ஹிதையின் உஷ்ட்ராசனம் குப்புறப் படுத்துச் செய்வது. மண்டியிட்டுப் பின்னால் வளைந்து குதிகாலைப் பிடிக்கும் வடிவம் பிந்தியது. அதற்கு முழங்கால் சில்லின் கீழே ஜமுக்காளத்தை எட்டாக மடித்தால்கூடத் தகும். தொடை செங்குத்தாக இருக்கும்வரைதான் வளைய வேண்டும். இடுப்பு பின்னால் சரிந்தால் பாரம் முழுவதும் இடுப்பெலும்புக்கு மேலுள்ள முதுகில் விழும்.

திண்டு

கல்யாணச் சீரில் வருகிற பெரிய அலங்காரத் திண்டு சாய்ந்துகொள்ளத்தான் லாயக்கு. உட்காருவதற்கு 15 செ.மீ. விட்டமுள்ள சிறு திண்டு அல்லது தட்டையான சதுர இருக்கை, உயரம் 8 முதல் 12 செ.மீ. மெத்தைக்கடையில் சொல்லி அடைத்து வாங்குவதே நல்லது. இலவம்பஞ்சு உட்கார உட்கார அமுங்கும். புதிதில் கல்மாதிரி இருந்தால்தான் சில மாதங்களில் சரியான இறுக்கத்துக்கு வரும். உட்கார்ந்ததும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் பஞ்சு போதவில்லை. ஒரு பக்கம் தைக்காமல் நாடா வைத்துக் கட்டச் சொல்லுங்கள், பிறகு பஞ்சு சேர்க்க வசதி. பாலியெஸ்டர் பஞ்சு அடைத்த இருக்கைகள் முதலில் புசுபுசுவென்று இருக்கும், கொஞ்ச காலத்தில் நடுவில் குழி விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலவம்பஞ்சு கட்டி கட்டியாகும். வெயில் கண்ட நாளில் காயவைத்துத் தட்டிவிடுங்கள்.

சுகாசனத்தில் திண்டின் நடுவில் ஏறி உட்காருவதுதான் பலர் செய்யும் தவறு. முன்விளிம்பில், பிட்ட எலும்பு மட்டும் திண்டில் இருக்க, தொடை முன்னோக்கிச் சரிய வேண்டும். இடுப்பைவிட முழங்கால் உயரமாக நின்றால் இடுப்பெலும்பு பின்னால் உருண்டு கீழ்முதுகு கூன்போடும். பக்கவாட்டில் ஒருவர் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். முழங்கால் இடுப்புக்குக் கீழே வரும்வரை உயரத்தைக் கூட்டுங்கள். பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர் வயிறு ஆசனத்தில் படியாமல், அர்த்த பத்மாசனம்போல் கால்களை மடித்து அமர்ந்திருப்பார். நிமிர்ந்த இருக்கை எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

பத்மாசனத்துக்குத் திண்டைவிட இடுப்பு மூட்டின் சுழற்சிதான் முக்கியம். தொடை வெளிப்பக்கம் சுழலாத நிலையில் கையால் பாதத்தை இழுத்து மேலேற்றினால், அந்த முறுக்கு முழங்காலுக்குப் போய் உள்ளிருக்கும் குருத்தெலும்புத் தட்டு நசுங்கும். முதலில் ஒரு கால் மட்டும். அந்த முழங்கால் தரையை நெருங்காதவரை இரண்டாவது காலை எடுக்க வேண்டாம். மொகஞ்சதாரோ அகழாய்வில் கிடைத்த முத்திரைக்கல் ஒன்றில் குதிகால் சேர்த்து அமர்ந்திருக்கும் உருவத்தைப் பத்மாசனத்துக்கு ஆதாரமாகச் சிலர் காட்டுவார்கள். அது பத்மாசனமே அல்ல. யோகம் என்று அடித்துச் சொல்லவும் அந்த முத்திரை மட்டும் போதாது.

பட்டை

யோகா பெல்ட்டை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள் ஐயப்பனின் முழங்காலைச் சுற்றியிருக்கும் பட்டையை நினைத்துக்கொள்ளலாம். யோக நரசிம்மருக்கும் அதே யோகபட்டம் உண்டு. யோக சூத்திர உரையின் ஆசனப் பட்டியலில் ஆதாரத்தோடு அமரும் இருக்கை ஒன்றும் வருகிறது. யோகபட்டத்தோடு அமர்வது என்று பின்வந்த உரையாசிரியர் வாசஸ்பதி மிசிரர் அதற்கு விளக்கம் தருகிறார். துணைப்பொருளோடு ஆசனம் பயில்வது அத்தனை பழையது.

கடையில் விற்கும் 1.8 மீட்டர் பட்டை முதுகையும் இரு முழங்கால்களையும் சுற்றப் பலருக்கு எட்டாது, 2.4 மீட்டர் வாங்குங்கள். பிளாஸ்டிக் கொக்கி பாரம் ஏறியதும் நழுவும், உலோக வளையம் இரண்டு சேர்ந்ததாக இருக்கட்டும். எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் நான்கு விரல் அகலத்துக்கு மடித்தாலும் இந்த வேலை நடக்கும். முடிச்சு முழங்காலின் பக்கத்தில் வரவேண்டும், முதுகில் வந்தால் எலும்பில் உறுத்தும். சுற்று கீழ்முதுகில், இடுப்பெலும்பின் மேல்விளிம்பை ஒட்டி இருக்கட்டும். விலாவுக்கு ஏறினால் மூச்சைப் பிடிக்கும்.

மண்டியிடும் பலகை

இணையத்தில் விற்கும் மண்டியிடும் பெஞ்சு ஜப்பானிய இருக்கை மரபிலிருந்து வந்தது. முழங்கால் விறைப்புள்ளவர்களுக்கு, சொல்லப்போனால், திண்டைவிட இதுவே பாதுகாப்பு. பாரம் பலகையில் இறங்குவதால் குதிகாலும் கெண்டையும் நசுங்குவதில்லை. விலை கொடுத்து வரவழைக்காமல் ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். மேல்பலகை 45 × 18 செ.மீ., தடிமன் 2 செ.மீ. பின்பக்கம் 18, முன்பக்கம் 16 செ.மீ. உயரம் வரும்படி காலைச் சரிவாக அறுக்க வேண்டும். இரு கால்களுக்கும் இடையே உள்ளளவு 36 செ.மீ.க்குக் குறைந்தால் கெண்டைகள் இடிக்கும். காலை வெறும் ஆணியால் அடிக்கக் கூடாது. பலகையில் பள்ளம் வெட்டிக் காலைச் செருகித் திருகாணி போடச் சொல்லுங்கள், பாரம் பக்கவாட்டில் வரும்போது ஆணி பிடுங்கிக்கொள்ளும். மேலே ஜமுக்காளத் துண்டு தைத்துக்கொண்டால் முடிந்தது.

முழங்கால் மாற்று அறுவை செய்தவர்களும், மூட்டு வீங்கியிருப்பவர்களும், கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பலகையிலும் மண்டியிட வேண்டாம். அவர்களுக்குக் கைவைக்காத நாற்காலியில், பாதம் தரையில் படிய, முன்விளிம்பில் நிமிர்ந்து உட்காருவது போதும். திண்டை முதுகுக்குக் கொடுக்காமல் பிட்டத்தின் பின்விளிம்புக்குக் கீழே கொடுத்தால் இடுப்பு பின்னால் உருளாது.